காய்ச்சல் ஏன்? குணம் எப்படி?

2012இல் ஃபிலடெல்ஃபியாவில், ரத்தப் புற்றுநோய் மீண்டும் மீண்டும் திரும்பிய ஆறு வயதுச் சிறுமிக்குப் புதிய சிகிச்சை தந்தார்கள். சில நாட்களில் கடும் காய்ச்சல். செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. ஏன்?

சிகிச்சையை உருவாக்கிய குழுவின் தலைவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கார்ல் ஜூன். கடற்படை மருத்துவராக எச்.ஐ.வி. ஆய்வில் இருந்தபோதே, நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களை உடலுக்கு வெளியே பெருக்கும் வித்தை கைவரப்பெற்றவர். நோயாளியின் டி செல்களைப் பிரித்தெடுத்து, நோய் தரும் திறன் நீக்கிய எச்.ஐ.வி. வழியாகவே புதிய மரபணுவை ஏற்றுகிறார்கள். (எமனையே ஏவலாளாக்கிய கதை!) அதனால் செல்லின் மேல் ஓர் ஏற்பி உருவாகும். சிறுமியின் புற்று, பி செல்கள் என்னும் இன்னொரு வகை நோயெதிர்ப்புச் செல்களில் வந்தது; அவற்றின் மீதுள்ள சிடி19 புரதத்தை ஏற்பி பற்றியதும், டி செல் அந்தச் செல்லைக் கொல்லும், தானும் பெருகும். நல்ல பி செல்களும் தப்புவதில்லை.

இந்தப் பெருக்கம்தான் காய்ச்சலின் மூலம். சிறுமியின் ரத்தத்தில், அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்லூகின்-6 எகிறியிருந்தது. ஜூனின் மகளுக்கு மூட்டழற்சி. ஆகவே அந்நோய்க்குத் தரப்படும், இன்டர்லூகின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து ஜூனுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கொடுத்ததும் காய்ச்சல் விரைவில் இறங்கியது. பிறகு பார்த்தால் புற்றும் இல்லை.

2017 ஆகஸ்டில் அமெரிக்கா இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது. அறிவித்த விலை 4,75,000 டாலர்.