திரையில் தீப்பிடிக்கும் பேட்டரி

ஒரு பேட்டரி, இரண்டு துண்டு ஒயர், ஒரு பல்பு. கரும்பலகையில் வெறும் கோடாக நிற்கும் மின்சுற்றை 'ஃபெட்' என்ற பாவனைச் சோதனை இணையதளத்தில் மாணவர்களே இழுத்துவந்து பூட்டலாம். சுற்று முழுமையானதும் பல்பு எரிகிறது. ஒயருக்குள் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகர்கின்றன. நிஜ ஒயரில் கண்ணால் பார்க்கவே முடியாத காட்சி இது. பல்பை எடுத்துவிட்டு பேட்டரியின் இரு முனைகளையும் ஒயரால் இணைத்தால், திரையில் தீப்பிடிக்கிறது. சேட்டைக்காரப் பிள்ளைகள் முதலில் இதைத்தான் செய்வார்கள். செய்யட்டும், ஷார்ட் சர்க்யூட் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001-இல் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், மறு ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட்டைத் தொடங்கினார். கட்டணம் கிடையாது. தமிழிலும் சில பாவனைச் சோதனைகள் கிடைக்கின்றன.

இந்தத் தளத்தால் ஆசிரியரின் வேலை குறைந்துவிடாது. "இன்னொரு பல்பைச் சேர்த்தால் வெளிச்சம் என்னவாகும்?" என்று கேட்டு, ஊகத்தை நோட்டில் எழுதவைத்த பிறகு மவுஸைக் கொடுப்பது நல்லது. தொடர் இணைப்பில் இரண்டும் மங்கும். பக்க இணைப்பில் மங்காது. ஏன் என்ற வாக்குவாதத்துக்குத்தான் வகுப்பில் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று இருந்தாலும் புரொஜெக்டர் வைத்து நடத்திவிடலாம்.