வில்லா மரியா: மகாதேசாதிபதியின் வீடு கன்னியர் மடமான கதை

மொன்றியாலில் வாழும் எம்மவர் பலருக்கு வில்லா மரியா என்றால் ஒரேஞ்ச் லைனில் ஒரு மெட்ரோ நிலையம். வேலைக்கு ஓடும் அவசரத்தில் பஸ் மாறும் இடம். 1981இல் திறந்த அந்த நிலையத்துக்குப் பெயர் கொடுத்தது, பக்கத்தில் மரங்களுக்குள் நிற்கும் கன்னியர் மடப் பாடசாலை. அதன் நடுவில் இருப்பது 200 வருடங்களுக்கு மேற்பட்ட வீடு.

பிரதம நீதியரசர் ஜேம்ஸ் மொங்க் 1804 அளவில் கட்டுவித்த அந்த வீட்டின் பழைய பெயர் மொங்க்லண்ட்ஸ். மொன்றியால் கனடாவின் தலைநகராக இருந்தபோது, 1844 முதல், மகாதேசாதிபதிகள் அங்கே குடியிருந்தார்கள்.

1849இல் நடந்ததைத்தான் நாங்கள் முக்கியமாக அறியவேண்டும். 1837, 1838 கிளர்ச்சிகளை அடக்கியபோது இன்றைய கியூபெக்கில் பிரெஞ்சு மக்களின் வீடுகள் பல எரிக்கப்பட்டன. அந்த இழப்புக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டத்தில் எல்ஜின் பிரபு 1849 ஏப்ரல் 25ஆம் திகதி கையெழுத்திட்டார். கிளர்ச்சிக்காரருக்கும் அரச பணமா என்று ஆங்கிலேயர் பலர் கொதித்தனர். அவருடைய வண்டிமீது முட்டைகளை வீசினார்கள். அன்றிரவே பாராளுமன்றத்துக்குத் தீ வைத்தார்கள். அங்கிருந்த 20,000க்கும் மேற்பட்ட நூல்களில் பெரும்பாலானவை சாம்பலாகின. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததை நினையாமல் இதை எம்மால் வாசிக்க முடியுமா?

சில நாட்களில் எல்ஜினுக்குக் கல்லெறியும் விழுந்தது. பிறகு மாதக்கணக்கில் அவர் நகருக்குள் போகாமல் இந்த வீட்டிலேயே இருந்தார். கோழை என்று சிலர் ஏசினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கூட்டத்தின்மீது இராணுவத்தை ஏவவும் இல்லை, சட்டத்தைக் கைவிடவும் இல்லை. எரிந்த வீட்டுக்கு நட்டஈடு என்ற பேச்சை ஊரில் நாங்களும் கேட்டவர்கள்தானே. இங்கே அது சட்டமாகி நிலைத்தது. (இன்னொரு புதினம்: எல்ஜினும், அதே வருடம் மே மாதம் மொன்றியாலில் பிறந்த அவர் மகனும் பின்னாளில் இந்தியாவின் வைஸ்ரோய்களாக இருந்தார்கள்.)

கலவரத்தோடு தலைநகரம் ரொறன்ரோவுக்கு மாறியது. வீடு கொஞ்சக்காலம் ஹோட்டலாக நடந்தது. 1854இல் நோத்ர டாம் சபைக் கன்னியாஸ்திரிகள் அதை வாங்கி, பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். பிரான்சிலிருந்து வந்து, 1658இல் ஒரு மாட்டுத்தொழுவத்தில் மொன்றியாலின் முதல் பாடசாலையைத் திறந்த மார்கரீட் பூர்ஜுவா அம்மையாரின் சபை அது. 2016இல் ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பாடசாலை என்பதால் நினைத்தபடி உள்ளே போய்ப் பார்க்க முடியாது. எரிந்த பாராளுமன்றம் நின்ற இடம் பழைய மொன்றியாலில், பிளாஸ் தியூவில் சதுக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்க்கலாம்.