வயித்து எரிச்சலுக்குக் கடை மாத்திரை போதுமா?



குழுக் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான். "வயிறு எரியுது, நெஞ்சைக் கரிக்குது, வாய்வு போல இருக்கு." மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி பக்கம் விடிந்ததும் ஒரு வரக்காப்பியோடு தோட்டத்துக்குப் போனால் சோறு மதியத்துக்குத்தான். அதனால் வந்த அல்சர் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பட்டினி எரிச்சலைக் கூட்டும், உண்மைதான். ஆனால் இரைப்பையில் புண் வருவதற்குப் பெரிய காரணங்கள் வேறு இரண்டு.

ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. அமிலம் நிறைந்த வயிற்றில் கிருமி தங்காது என்றுதான் டாக்டர்களே ரொம்ப காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார்! அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. சோதனையில் இந்தக் கிருமி தெரிந்தால் பெரும்பாலும் 14 நாள் மாத்திரை. எரிச்சல் நின்றதும் பாதியில் விட்டுடாதீங்க.

இரண்டாவது, வலி மாத்திரை. மூட்டை தூக்கிய இடுப்பு வலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் என்று கடையில் வாங்கிப் போடுகிறோமே, அது இரைப்பையின் உள்தோலைக் காக்கும் வழவழப்பைக் குறைத்துவிடும். பிறகு எரிச்சலுக்கு இன்னொரு மாத்திரை! இதயத்துக்காக டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீங்க, கேட்டுக்கிட்டுச் செய்யுங்க.

டாக்டர் ஒமிபிரசோல் எழுதிக் கொடுத்தால் காலையில் சாப்பிட அரை மணி நேரம் முன்பு போடணும். சாப்பிட்ட பின் போட்டுட்டு 'கேட்கலை' என்பவர்கள்தான் அதிகம். ராத்திரி சாப்பிட்டு 2, 3 மணி நேரம் கழித்துப் படுங்க. (நம்ம ஊர்க் குளிருக்கு உடனே கம்பளிக்குள் போகத்தான் தோணும்.) புகையிலை வேண்டாம்.

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று போனால் உள்ளே ரத்தம் கசியலாம். இரும்புச் சத்து மாத்திரைக்கும் மலம் கறுக்கும். அதைச் சாப்பிடுவதையும் டாக்டரிடம் சொல்லுங்க. கறுப்பு மலம், ரத்த வாந்தி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் இளைப்பு, ரத்தசோகை, 50 வயசுக்கு மேல் புதிதாக வந்த எரிச்சல் இருந்தாலும் தள்ளிப் போடாமல் காட்டணும். குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி தேவைப்படலாம்.

நெஞ்சு அடைத்து, வியர்த்து, தாடைக்கோ கைக்கோ வலி பரவினால் 'வாய்வு' என்று சோடாவும் பூண்டும் கொடுத்துக்கொண்டு இருக்காதீங்க. பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் மேல்வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறலாகவே வரும். நம் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியதுதான், ஆனால் மாரடைப்புக்கு அது மருந்தல்ல. மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்க. ராத்திரியில் அவசரத்துக்கு யார் வீட்டு ஜீப் வரும் என்று அடுத்த கூட்டத்திலேயே கேட்டு, அந்த நம்பரைக் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்க.