முதலில் என்ன செய்வாய்?

ஒரு கேள்வி. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள்.

மார்கழி மாதம். உதகமண்டலத்தில் உறைபனி விழுகிற இரவு. ஊர் பார்க்க வந்த மூன்று பேர், குளிர் தாங்காமல் அறைக்குள் கரிக் கணப்பு மூட்டி, கதவு ஜன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். காலையில் எவ்வளவு தட்டியும் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸில் வந்து இறங்குகிறவர் நீங்கள்தான். முதலில் என்ன செய்வீர்கள்? (அ) நாடி பார்ப்பது. (ஆ) விரலில் கருவியை மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அறிவது. (இ) கதவு ஜன்னல்களை விரியத் திறந்து மூவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவருவது. (ஈ) முகத்தில் ஆக்ஸிஜன் மூடியைப் பொருத்துவது.

நாலும் செய்ய வேண்டிய காரியங்களே. ஆனால் (இ) தவிர வேறு எதை எழுதினாலும் மதிப்பெண் கிடையாது. மூடிய அறையில் எரிந்த கரி கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவைக் கக்கியிருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். அங்கேயே உட்கார்ந்து நாடி பார்க்கிறவர் நாலாவது நோயாளி ஆவார். கருவியை நம்பினாலோ இன்னும் மோசம். விஷவாயு கலந்த ரத்தத்துக்கும் ஆக்ஸிஜன் கலந்த ரத்தத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆள் செத்துக்கொண்டிருக்க, அது பாட்டுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று காட்டிக்கொண்டிருக்கும்.

(உதகைக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பும் வாசகிகளுக்கு நடுவில் ஒரு வார்த்தை: இது புத்தகத்துக்காகப் புனைந்த கதை அல்ல. இரண்டு ஊர்களிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கணப்பை அறைக்கு வெளியே வையுங்கள். இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.)

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் எழுதத்தான் நீலகிரியில் சில இளைஞர்களும் யுவதிகளும் ராக்கண் விழித்துப் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பர் 15-இல் ஓடத் தொடங்கியது. வண்டியில் இரண்டே பேர். ஓட்டுகிறவரைப் 'பைலட்' என்கிறார்கள். மலைச் சாலையில் வண்டி வருகிற வருகையைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மற்றவர் அவசரகால மருத்துவ உதவியாளர். நர்ஸிங் அல்லது ஆய்வுக்கூடப் படிப்பு முடித்தவர்கள், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்கள் இதற்கு வரலாம். வயது பத்தொன்பதிலிருந்து முப்பதுக்குள் என்று அறிவிப்புகளில் வழக்கமாகப் போடுகிறார்கள். முதலில் எழுத்துத் தேர்வு. பிறகு உடற்கூறு, முதலுதவி பற்றி நேரில் கேள்விகள். தேறியவர்களுக்கு 50 நாள் பயிற்சி.

சமவெளியில் இந்த உதவியாளர் பல சமயம் கால் மணி நேரத்துக்குப் பொறுப்பாளி. மலையில் கணக்கே வேறு. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் 14. அதன் பிறகுதான் கோயமுத்தூர்ச் சாலை. உதகையில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தது 2025 ஏப்ரலில். அதற்கு முன் பெரிய சிக்கல் என்றால் பெரும்பாலும் கோயமுத்தூருக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். ஆஸ்பத்திரி வாசல் வருகிற வரையில் வண்டியின் பின்பக்கம்தான் ஆஸ்பத்திரி. உதவியாளர் தொலைபேசியில் டாக்டரிடம் யோசனை கேட்கலாம். ஆனால் கை அவருடையதுதான்.

கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், இதற்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். பெயர் போட வேண்டாம் என்றாள். 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். அம்மா கொழுந்து பறிக்கிறாள். மகள் விலங்கியலில் பட்டம் வாங்கியிருக்கிறாள். லயத்து வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு, அந்த ஒரே அறைதான் வகுப்பறை. தலையணைதான் மாரடைப்பு நோயாளி. நெஞ்சின் நடுவே அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை அமுக்க வேண்டும். முப்பது அமுக்கலுக்கு இரண்டு மூச்சு. தம்பிக்கு நாளொரு எலும்பு முறிகிறது. தலைக்கட்டோடு அவன் சோறு தின்பதைப் பார்த்து அப்பாயி, "நல்லா இருக்கிற புள்ளைக்கு ஏண்டி கட்டுப் போடுறே?" என்று கோபித்துக்கொள்கிறாளாம்.

"காலேஜ் பரீட்சையிலே தெரிஞ்சதை எழுதினாப் போதும் அக்கா. இதிலே நாலு பதிலும் சரியாத்தான் இருக்குது. எது முதல்லேன்னு கேக்கிறாங்க. அங்கதான் மாட்டிக்கிறேன்" என்றாள்.

கணக்கும் உண்டு. தீக்காயம் பட்டவரின் உடம்பை ஒன்பது ஒன்பதாகப் பிரிக்கிறார்கள். தலைக்கு ஒன்பது, ஒவ்வொரு கைக்கும் ஒன்பது, உடலின் முன்பக்கம் பதினெட்டு, பின்பக்கம் பதினெட்டு, ஒவ்வொரு காலுக்கும் பதினெட்டு, மிச்சம் ஒன்று. சமையலறையில் புடவைத் தலைப்பு பற்றிக்கொண்டு, உடலின் முன்பக்கமும் ஒரு கையும் முழுக்க வெந்திருந்தால் இருபத்தேழு சதவிகிதம். கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குத் தலையே பதினெட்டு. பேனா மையும் பல்பசையும் இட்லி மாவும் தடவக் கூடாது, ஐஸ் கூடாது, குழாய் நீரில் இருபது நிமிஷம் என்பது நம் எல்லோருக்குமே தெரிந்திருக்க வேண்டியது. உதகைக் குளிரில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பெருங்காயம் பட்ட உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப் போகும். காயத்தைக் குளிர வைத்து, ஆளைக் கதகதப்பாக வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் திகைப்பு வராதா?

பிரசவ வலியோடு ஏறுகிறவர்களில் சிலருக்குப் பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிடுகிறது. பிறந்த சிசுவுக்கு அங்கேயே ஒரு பரீட்சை வைக்கிறார்கள். நிறம், நாடி, சுளிப்பு, அசைவு, மூச்சு, ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து இரண்டு வரை மதிப்பெண். முதல் நிமிஷத்தில் ஒருமுறை, ஐந்தாவது நிமிஷத்தில் மறுமுறை. மொத்தம் பத்து. 1952-இல் இதை வகுத்தவர் வர்ஜீனியா அப்கார் என்ற நியூயார்க் மயக்க மருந்து டாக்டர். அறுவைச் சிகிச்சை நிபுணராக விரும்பியவரை, பெண்ணுக்கு அது சரிப்படாது என்று திருப்பி அனுப்பினார்கள். உலகத்துக் குழந்தைகள் பாக்கியம் செய்தவை!

பாடம் முழுவதும் இங்கிலீஷில் இருக்கிறது. வேலையோ தமிழிலும் படுகு மொழியிலும் மலையாளத்திலும் நடக்கிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் போனால் பணியர், காட்டுநாயக்கர் மொழிகளும் சேர்ந்துகொள்ளும். "கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள்?" என்று நோயாளியைக் கேட்கவேண்டும் என்கிறது புத்தகம். உபசாரத்துக்கு அல்ல, அவசர ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிய வேண்டும். வலியில் துடிக்கும் கிழவியிடம் அவள் மொழியில் இதைக் கேட்க எந்தப் புத்தகம் கற்றுக்கொடுக்கும்? தோட்டத்தில் பிறந்து நாலு பாஷை காதில் விழுந்து வளர்ந்த பெண்ணுக்கு இங்கே நகரத்துப் பெண்ணைவிட ஒரு படி ஏற்றம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி: இடம் ஆபத்தில்லாததா? அறுந்து தொங்கும் மின்கம்பி, கொட்டிக் கிடக்கும் பெட்ரோல் என்று புத்தகம் உதாரணம் சொல்லும். நீலகிரியில் யானையையும் காட்டெருமையையும் தேயிலைப் புதருக்குள் படுத்திருக்கும் கரடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருபதடி தூரத்தில் அடிபட்டவர் முனகுகிறார், அவரை அடித்த யானை இன்னும் நகரவில்லை என்றால் விடை 'காத்திரு' என்பதுதான். தாளில் ஒரு மதிப்பெண். சாலையில் அப்படி நிற்க எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

இன்னொன்றும் இப்படித்தான். 2023 செப்டம்பர் 30-இல் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் அருகே, தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பயணிகள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களோடு வந்த பேருந்து பள்ளத்தில் உருண்டது. உயிர்ச் சேதம் நேர்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில் யாரை முதலில் பார்ப்பது? பரீட்சை சொல்லும் பதில் நம் சுபாவத்துக்கு நேர் விரோதம். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. நடக்கிறவர் ஓரமாகப் போய் உட்காரலாம். சத்தம் போடாமல் கிடப்பவரிடம் முதலில் ஓடு!

இப்படி ஒரு பரீட்சை வேண்டும் என்று உலகத்துக்குத் தோன்றியே அறுபது வருஷம்தான் ஆகிறது. அமெரிக்காவில்கூட 1960-களில் பல ஊர்களில் ஆம்புலன்ஸை நடத்தியவர்கள் போலீஸாரும் சவ அடக்கக்காரர்களும்தான். வண்டி ஓட்டத் தெரிந்தால் போதும். பிட்ஸ்பர்க் நகரில் டாக்டர் பீட்டர் சஃபார் 1966-இல் தம் சிறு மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தார். அடுத்த வருஷம், அவ்வூரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏழைப் பேட்டையில் வேலையில்லாமல் இருந்தவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் காரியத்தில் இறங்கினார். படிப்பை நடுவில் விட்டவர்களும் அதில் உண்டு. 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் பிறந்தது அப்படித்தான். அந்தப் பேட்டையின் பெயர் 'ஹில் டிஸ்டிரிக்ட்', அதாவது மலைப் பேட்டை. 1975-இல் நகராட்சி அதை மூடிவிட்டாலும், அவர்கள் காட்டிய வழி நிலைத்தது. அந்நாட்டில் இத்தொழிலுக்கான தேசியப் பதிவகம் 1970-இல் அமைந்து, மறு வருஷமே முதல் பரீட்சையை நடத்தியது. இப்போது அங்கே கம்ப்யூட்டர்தான் கேள்வி கேட்கிறது. சரியாகச் சொல்லச் சொல்ல இன்னும் கடினமாகக் கேட்குமாம். சிரித்த முகத்தோடு யாரும் வெளியே வருவதில்லை போலிருக்கிறது. நம் நாட்டில் இந்தத் தொழிலைச் சட்டத்தில் ஏற்று வரிசையில் சேர்த்தது 2021-இல்.

அதே 2021 டிசம்பர் 8-இல் குன்னூர் அருகே முப்படைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது, முதலில் ஓடியவர்கள் நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள். அடிபட்டவர்களைத் தூக்குவதற்கு வீட்டுக் கம்பளிகளை எடுத்துக் கொடுத்தார்கள். கம்பளியில் தூக்குவது மலைக்காரர்களுக்குப் பழகிய வேலை. "எங்க மாமியாரை அப்படித்தான் மூங்கில்லே தொட்டில் கட்டி ரோடு வரைக்கும் தூக்கிட்டு வந்தோம். ரெண்டு மணி நேரம். வழி நெடுக நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். வேற என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதே!" என்றாள் அந்தப் பெண்ணின் தாய்.

இருந்தும் அவளுக்கு இந்த வேலையில் முழுச் சம்மதம் இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலை. பகல் ஷிப்ட் முடிந்தால் ராத்திரி ஷிப்ட் வரும். மாநிலத்தில் எங்கே போட்டாலும் போகவேண்டும். கல்யாணப் பேச்சு வேறு தொடங்கியிருக்கிறது.

"ராத்திரி டூட்டியிலே கூட வர்ற பைலட்டு எப்படிப்பட்ட ஆளா இருப்பாரோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான் யோசித்துக்கொண்டிருக்கையில் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "வளைவிலே ஒழுங்காத் திருப்பத் தெரிஞ்சவரா இருந்தாப் போதும்மா."