லூதரின் அணுகுண்டு

அமெரிக்கச் சித்திரக் கதைகளில் ஸூபர்மேன் என்ற மகா பலசாலிக்கு ஜன்ம சத்துரு லூதர். 1940-ஆம் ஆண்டில் ஸீகல், ஷூஸ்டர் என்ற இரு நண்பர்கள் படைத்த இந்த ஆசாமிக்குப் புஜபலம் கிடையாது, மூளைதான் ஆயுதம். ஆரம்பத்தில் தலை நிறையச் செம்பட்டை மயிர் இருந்தது. பின்னர் சித்திரக்காரர்கள் மொட்டையாக்கி விட்டார்கள்!

யுத்த காலத்தில் எழுதிய ஒரு கதையில் லூதர் அணுகுண்டு செய்தான். அமெரிக்க யுத்த இலாகா திடுக்கிட்டது; கதையை நிறுத்தி வைக்கும்படி சொல்லிற்று. அவன் குண்டுக்கும் மெய்யான குண்டுக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. ஆயினும் லாஸ் அலமோஸில் மெய்யான மேதாவிகள் அதே வேலையில் இரகசியமாக முனைந்திருந்தார்கள் அல்லவா?

1945 ஆகஸ்டு 6-ந் தேதி அவர்களுடைய குண்டு ஹிரோஷிமா நகரை எரித்தது. அதன் பிறகே, 1946 ஜனவரி-பிப்ரவரி இதழில், லூதரின் கதை அச்சேறிற்று. அதில் ஸூபர்மேன் வழக்கம்போல் உயிர் பிழைத்தான்.