பெட்ரோல் ஊற்றிய டீசல் வண்டியை வாங்கலாமா?

ஓசூர், சூளகிரி, இராயக்கோட்டைப் பகுதிகளில் தக்காளி, கோசு, ரோஜா பயிரிடும் சிறு விவசாயிகள் பலர், விளைபொருளைச் சந்தைக்குத் தாமே ஏற்றிச் செல்லப் பழைய டீசல் வண்டி ஒன்றை வாங்க விரும்புகின்றனர். வாடகை மிச்சமாகும், பறித்த பொருள் வாடுமுன் சந்தை சேரும் என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் சரியே. ஆனால் தவறான வண்டியை வாங்கிவிட்டால், மிச்சமாகும் வாடகை முழுவதும் பட்டறைக்குப் போய்விடும்.

ஜூஜுவாடியில் விலைக்கு வந்த சிறிய லாரி ஒன்றைப் பற்றி விவசாயி ஒருவர் எம்மிடம் கேட்டார். அதில் ஒரு முறை தவறுதலாகப் பெட்ரோல் ஊற்றப்பட்டது என்பதை விற்பவரே சொல்லி, விலையையும் சற்றுக் குறைத்திருந்தார். முன்பணம் கொடுக்கலாமா என்பது கேள்வி. பலருக்கும் பயன்படும் என்பதால் விடையை இங்கு விளக்குகிறோம்.

தவறு எப்படி நேருகிறது?

டீசல் டேங்கின் வாய் அகலமானது. பெட்ரோல் குழாயின் முனை அதில் தடையின்றி நுழைந்துவிடும். ஒரே தோற்றமுள்ள சிறு வண்டிகள் இப்போது பெட்ரோலிலும் டீசலிலும் வருவதால் பங்க் ஊழியரும் ஏமாறுகிறார். பண்ணையிலும் இது நடக்கிறது. விசைத் தெளிப்பானுக்கு வாங்கிய பெட்ரோல் கேனும், பவர் டில்லருக்கு வாங்கிய டீசல் கேனும் ஒரே கொட்டகையில் இருந்தால், இருட்டில் கை மாறிவிடுகிறது.

பெட்ரோல் செய்யும் கேடு என்ன?

டீசல் எரிபொருள் மட்டுமன்று. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் அதுவே மசகு எண்ணெயாகவும் உதவுகிறது. பெட்ரோல் கலந்தால் இந்த எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டு, இரும்பும் இரும்பும் நேராக உராயும். உராய்வில் எழும் நுண்ணிய துகள்கள் குழாய் வழியே சென்று இன்ஜெக்டரின் துளைகளையும் வால்வுகளையும் கெடுக்கும்.

மேலும், டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே டீசல் தீப்பற்றுகிறது. பெட்ரோல் அவ்வாறு எளிதில் பற்றாது. எனவே எரிதல் தாமதித்து, பிறகு ஒரேயடியாக வெடித்து எரியும். அந்தத் தட்டும் ஓசையும் அதிர்ச்சியும் பிஸ்டன் வரை பாதிக்கும்.

எந்த வகை எஞ்சின்?

பழைய வகை வண்டிகளில் பம்பு முழுவதும் எந்திர முறையில் இயங்கும். ‘குட்டி யானை’ என நம் மக்கள் அழைக்கும் வண்டி 2005-இல் வந்தபோது இவ்வகையைச் சேர்ந்ததே. இவற்றில் அழுத்தம் சில நூறு பார் அளவே. சிறிதளவு பெட்ரோலை இவை ஓரளவு தாங்கும். பழுதானாலும் செலவு குறைவு.

காமன் ரெயில் வகையில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் செல்லும். பாகங்கள் மிக நுண்ணிய இடைவெளியில் பொருந்தியிருக்கும். சிறிது உராய்வே பம்பு, இன்ஜெக்டர், குழாய் அனைத்தையும் மாற்றும் நிலைக்குக் கொண்டுவரும். ஓசூரில் உற்பத்தியாகி 2011-இல் விற்பனைக்கு வந்த ‘தோஸ்த்’ இவ்வகை. 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பி.எஸ்.6 டீசல் வண்டிகளும் பெரும்பாலும் இவ்வகையே. ஆகவே புதிய வண்டி என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

1. பெட்ரோல் ஊற்றியபின் எஞ்சின் ஓடியதா? ஓடாமலே டேங்கைக் காலி செய்திருந்தால் கேடு பெரும்பாலும் இல்லை. சில வண்டிகளில் சாவியைத் திருப்பினாலே மின் பம்பு எரிபொருளைக் குழாய்க்குள் தள்ளிவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

2. எத்தனை லிட்டர் பெட்ரோல்? அப்போது டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது?

3. எத்தனை கிலோமீட்டர் ஓடியது? தானே நின்றதா, நிறுத்தப்பட்டதா?

4. என்ன வேலை செய்யப்பட்டது? டேங்கைக் காலி செய்ததோடு சரியா? பில்டர் மாற்றி, இன்ஜெக்டரும் சோதிக்கப்பட்டதா? பட்டறை ரசீது உண்டா?

5. அதன்பின் எவ்வளவு காலம் ஓடியிருக்கிறது? பல ஆயிரம் கிலோமீட்டர் சுமையுடன் நன்றாக ஓடியிருந்தால், அந்தப் பழைய தவறு ஒன்றையே காரணமாக வைத்து வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. சென்ற வாரம் நடந்தது என்றால் விளைவு இனிமேல்தான் தெரியவரும்.

நேரில் பார்க்க வேண்டியவை

அதிகாலையில் செல்லுங்கள். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் உடனே கிளம்ப வேண்டும். சீராக நின்று ஓட வேண்டும். நெடுநேரம் வெண்புகையோ, வேகம் கொடுக்கும்போது கரும்புகையோ வந்தால் இன்ஜெக்டரில் ஐயம் கொள்ளலாம்.

டீசல் பில்டரைக் கழற்றி, உள்ளிருக்கும் டீசலை வெள்ளைத் துணியில் வடிக்கச் சொல்லுங்கள். வெயிலில் பிடித்தால் வெள்ளித் தூள்போல் மினுங்கும் துகள்கள் தெரிந்தால் பம்பு தேய்கிறது என்று பொருள். அந்த வண்டியை விட்டுவிடுவதே நலம். எஞ்சின் ஆயில் அளவுக்கு மீறி உயர்ந்து, டீசல் வாடை வீசினால் இன்ஜெக்டர் ஒழுகலாம்.

காமன் ரெயில் வண்டியை டீசல் பம்பு பட்டறைக்கே கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் புட்டியில் பிடித்து அளப்பார்கள். ஒன்றில் மட்டும் மிகுதியாக வந்தால் அது தேய்ந்துவிட்டது. பழுது நீக்கும் செலவை எழுதி வாங்கி, விலையில் கழித்துப் பேசுங்கள். பின்னர் பாதிச் சுமையாவது ஏற்றி மேட்டில் ஓட்டிப் பாருங்கள்.

பத்திரங்கள்

ஜூஜுவாடிக்கு அப்பால் அத்திப்பள்ளி, கர்நாடக மாநிலம். எனவே இங்கு இரு மாநிலப் பதிவு வண்டிகளும் விலைக்கு வருகின்றன. கர்நாடகப் பதிவானால், அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். தகுதிச் சான்று, காப்பீடு, கடன் தீர்ந்ததற்கான சான்று ஆகியவற்றையும் பாருங்கள்.

உங்கள் வண்டியில் நேர்ந்தால்

சாவியைத் திருப்பாதீர்கள், தள்ளியே ஓரம் கொண்டு செல்லுங்கள். டேங்கைக் காலி செய்து, பில்டரை மாற்றிய பின்னரே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். வடித்த கலவையை வீணாக்க மனமின்றிப் பம்புசெட்டுக்கு ஊற்றுவோர் உண்டு. அது பம்புசெட்டையும் கெடுக்கும். பெட்ரோல் கலந்த டீசல் எளிதில் தீப்பற்றும். அதை வீட்டிலோ வைக்கோற்போர் அருகிலோ வைக்கலாகாது. பண்ணையில் இரு கேன்களுக்கும் வெவ்வேறு நிறம் பூசி, வெவ்வேறு இடத்தில் வைப்பது நன்று.

எம்மிடம் கேட்ட விவசாயி முன்பணம் கொடுக்குமுன் வண்டியைப் பட்டறையில் சோதித்தார். ஒரு இன்ஜெக்டர் தேய்ந்திருந்தது. விற்பவர் குறைத்த தொகையைவிடப் பழுதுச் செலவு அதிகம். மேலும் விலை குறைக்க அவர் இசையவில்லை. விவசாயி பணத்தோடு ஊர் திரும்பினார். சோதனைக்குக் கொடுத்த கூலி மட்டுமே அவருக்குச் செலவு. விதை வாங்கும்போது முளைப்புத் திறன் பார்க்கும் நாம், வண்டி வாங்கும்போதும் அதே கவனம் காட்டினால், பாடுபட்டுச் சேர்த்த பணம் காக்கப்படும்.