செக்கிங் அக்கவுண்ட்: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஆகஸ்ட் பிறந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் வங்கிகள் கடை விரித்துவிடும். அன்றாட வரவு செலவுக்கான செக்கிங் அக்கவுண்ட் தொடங்கினால் டி-ஷர்ட், தண்ணீர் பாட்டில். சம்பளம் நேரடியாக அங்கே வருமாறு செய்தால் சில நூறு டாலர் போனஸ்கூட உண்டு. ஊரிலிருந்து புதிதாகப் போய் இறங்கிய மாணவருக்கு வாடகை முன்பணம் கட்ட ஒரு கணக்கு அவசரமாக வேண்டும். எந்த மேஜையில் கூட்டம் குறைவோ, அங்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

சாதாரண நாட்களில் எல்லா வங்கியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது மூன்று நாட்களில்: கணக்கில் காசு குறையும் நாள், காசு களவு போகும் நாள், காசை வைத்திருந்த நிறுவனமே கவிழும் நாள். வங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த மூன்றையும் பற்றிக் கேட்பவர்கள் மிகச் சிலரே.

காசு குறையும் நாள்

கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாகும்போது, குறையும் தொகையை வங்கி தானே கட்டிவிட்டு அதற்குக் கட்டணம் பிடிப்பதுதான் ஓவர்டிராஃப்ட். ஒரு தடவைக்கு 35 டாலர் என்பது நெடுங்காலம் பெரிய வங்கிகளின் வாடிக்கையான கட்டணமாக இருந்தது.

இதில் வரிசைக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. கணக்கில் 100 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் காபிக்கு 5, பஸ்ஸுக்கு 10, மளிகைக்கு 30, கடைசியாக மின்கட்டணத்துக்கு 95 டாலர் போகிறது. செலவான வரிசையிலேயே கழித்தால் மின்கட்டணத்துக்கு மட்டும்தான் காசு பற்றாது. ஒரு கட்டணம், 35 டாலர். பெரிய தொகையை முதலில் கழித்தாலோ 95 போனதும் மிச்சம் ஐந்தே டாலர். பிறகு மளிகை, பஸ், காபி மூன்றுக்கும் காசு பற்றாது. மூன்று கட்டணம், 105 டாலர். இப்படி வரிசை மாற்றிக் கழித்ததாகப் பல வங்கிகள் மீது வழக்குப் பாய்ந்தது. பேங்க் ஆஃப் அமெரிக்கா 2011-இல் 41 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

2010 முதல் வாடிக்கையாளர் கையில் ஒரு பிடி இருக்கிறது. ஏ.டி.எம்.மில் எடுக்கும் பணத்துக்கும், கடையில் டெபிட் கார்டு தேய்ப்பதற்கும், அவர் முன்கூட்டியே சம்மதித்தால் தவிர ஓவர்டிராஃப்ட் கட்டணம் பிடிக்கக் கூடாது. சம்மதிக்காவிட்டால் கார்டு மறுக்கப்படும், அவ்வளவுதான். ‘ஓவர்டிராஃப்ட் பாதுகாப்பு வேண்டுமா?’ என்று கவுண்ட்டரில் கேட்பது இந்தச் சம்மதத்துக்காகத்தான். ‘பாதுகாப்பு’ என்றதும் தலையாட்டிவிடுகிறவர்கள் ஏராளம். ஆனால் காசோலைக்கும், மாதந்தோறும் தானாகக் கழியும் தவணைகளுக்கும் இந்த விதி பொருந்தாது. அவற்றுக்கு வங்கி என்ன வாங்குகிறது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

போட்டியால் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கேபிட்டல் ஒன், சிட்டி பேங்க் இரண்டும் 2022-இல் இந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா 35-லிருந்து 10 டாலருக்கு இறக்கியது. பெரிய வங்கிகளின் கட்டணத்தைப் பொதுவாக 5 டாலர் அளவுக்குக் குறைக்கும் நோக்கில் சி.எஃப்.பி.பி. எனப்படும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. நடைமுறைக்கு வருவதற்குள், 2025-இல் நாடாளுமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே கட்டணம் எவ்வளவு என்பது இன்றும் அந்தந்த வங்கியின் முடிவுதான். கணக்கு தொடங்கும் முன்பே கட்டண அட்டவணையைக் கேட்டு வாங்கும் உரிமை சட்டப்படி உண்டு. தயங்காமல் கேட்கலாம்.

கிரெடிட் யூனியன் என்றால் நல்லதா?

வங்கிக்கு ஒரு மாற்றும் உண்டு. நம் ஊர்க் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் அமெரிக்க உறவினர்தான் கிரெடிட் யூனியன். லாப நோக்கம் இல்லை. கணக்கு வைத்திருப்பவர் எல்லாரும் உறுப்பினர். பங்கு எவ்வளவு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு. மத்திய அரசின் உரிமம் பெற்றவற்றில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சேர்வதற்கு ஏதாவது ஒரு தொடர்பு வேண்டும்: வேலை பார்க்கும் நிறுவனம், படிக்கும் பல்கலைக்கழகம், குடியிருக்கும் வட்டாரம். பலவற்றில் 5 டாலர் பங்குத்தொகை போட்டால் உறுப்பினர் ஆகிவிடலாம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர வேண்டியதில்லை. நாட்டிலேயே பெரிய கிரெடிட் யூனியனான நேவி ஃபெடரல், எதிர்பாராத ஓவர்டிராஃப்ட் கட்டணம் பிடித்ததாகச் சொல்லி 9.5 கோடி டாலர் கட்டும்படி சி.எஃப்.பி.பி. 2024 நவம்பரில் ஆணையிட்டது. ஆட்சி மாறியபின் 2025-இல் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. பெயர்ப் பலகையில் கூட்டுறவு என்று இருந்தாலும் அட்டவணையைப் படித்தாக வேண்டும்.

காசு களவு போகும் நாள்

டெபிட் கார்டு தொலைந்தால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. தொலைந்தது தெரிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொன்னால் வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய நட்டம் அதிகபட்சம் 50 டாலர். அதற்கு மேல் தாமதித்தால் 500 டாலர் வரை போகும். கணக்கு அறிக்கை அனுப்பிய 60 நாட்களுக்குள்ளும் சொல்லாவிட்டால், அதன்பிறகு போகும் பணத்துக்கு வரம்பே கிடையாது. அறிக்கை வந்ததும் ஒரு தடவை வரி வரியாகப் பார்ப்பதன் மதிப்பு இதுதான்.

புகார் வந்ததும் வங்கி பத்து வேலை நாட்களில் விசாரித்து முடிக்க வேண்டும். கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் பணத்தைத் தற்காலிகமாகக் கணக்கில் திருப்பி வைத்துவிட்டுத்தான் பொதுவாக 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்கிய கணக்குக்கு இந்தக் கெடுக்கள் கொஞ்சம் நீளும்.

ஒரு பெரிய ஓட்டை மட்டும் அடைபடவில்லை. மோசடிக்காரர் பேச்சில் மயங்கி, ஜெல் போன்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாகத் தானே பணம் அனுப்பிவிட்டால், ‘நீங்கள்தானே அனுப்பினீர்கள்’ என்று வங்கி கைவிரிக்க இடமிருக்கிறது.

வெளியாள்தான் கைவைப்பார் என்றும் இல்லை. விற்பனை இலக்கை எட்டுவதற்காக ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கான கணக்குகளைத் தொடங்கியதற்காக வெல்ஸ் ஃபார்கோ 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது.

நிறுவனமே கவிழும் நாள்

வங்கியானால் எஃப்.டி.ஐ.சி., கிரெடிட் யூனியனானால் என்.சி.யு.ஏ. என்ற மத்திய அமைப்பு காப்பீடு தருகிறது. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு, ஒரு வகைக் கணக்குக்கு, 2,50,000 டாலர் வரை பாதுகாப்பு. கணவன் மனைவி கூட்டுக் கணக்கானால் இருவருக்கும் சேர்த்து ஐந்து லட்சம்.

சிக்கல் செயலிகளில்தான். வங்கி மாதிரியே தோன்றும் பல செயலிகள் வங்கி அல்ல. வாங்கும் பணத்தை வேறொரு வங்கியில் போட்டுவைப்பவை. அப்படிப் பல செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் நடுவே நின்ற சினாப்ஸ் நிறுவனம் 2024-இல் திவாலானது. யாருக்கு எவ்வளவு என்ற கணக்குப் புத்தகம் குழம்பியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் முடங்கியது. பல கோடி டாலர் எங்கே என்றே தெரியவில்லை. காப்பீடு கை கொடுக்கவில்லை, ஏனென்றால் கவிழ்ந்தது வங்கி இல்லை. ஒரு பெயர் உண்மையிலேயே காப்பீட்டுக்குள் வருகிறதா என்பதை எஃப்.டி.ஐ.சி., என்.சி.யு.ஏ. இணையதளங்களில் தேடிப் பார்த்துவிடலாம்.

மாறுவதும் முறையிடுவதும்

சோஷியல் செக்யூரிட்டி எண் கைக்கு வராத வெளிநாட்டவரிடம் பாஸ்போர்ட் எண்ணை வாங்கிக்கொண்டு கணக்கு தொடங்க மத்திய விதி இடம் தருகிறது. ஆனால் ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த வங்கியின் கொள்கை. ஒரு இடத்தில் இல்லையென்றால் அடுத்த இடம். ஓவர்டிராஃப்ட் கட்டணமே இல்லாத, எளிய கணக்கு வேண்டுவோர் ‘பேங்க் ஆன்’ சான்று பெற்ற கணக்குகளைத் தேடலாம்.

புதிய கணக்குக்கு மாறுகிறவர்கள் சம்பளமும் தவணைகளும் முழுதாக இடம் மாறும்வரை, ஓரிரு மாதம் பழையதைத் திறந்தே வைத்திருப்பது நல்லது. வங்கி முறையீட்டைக் கவனிக்காவிட்டால் சி.எஃப்.பி.பி. இணையதளத்தில் புகார் தரலாம். அதை அந்த அமைப்பு நிறுவனத்துக்கே அனுப்பிப் பதில் கேட்கும். மத்திய உரிமம் பெற்ற கிரெடிட் யூனியன் என்றால் என்.சி.யு.ஏ.விடமும் போகலாம்.

ஊருக்குத் திரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ‘இருபது டாலர் மைனஸ்தானே’ என்று கணக்கை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறினால், பெயர் செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற, வங்கிகள் பார்க்கும் கணக்கு வரலாற்றுப் பதிவேட்டில் ஏறலாம். வழக்கமாக ஐந்தாண்டு அங்கேயே நிற்கும். மறுபடி அமெரிக்கா போகும்போது புதிய வங்கி அதைப் பார்த்தே மறுத்துவிடக்கூடும். அந்தப் பதிவின் நகலை ஆண்டுக்கு ஒரு தடவை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். தவறாக ஏதாவது இருந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்துத் திருத்தியாக வேண்டும்.